எட்டு வீட்டுக்கு ஒரு குழாய்

முதலில் 'டங்' என்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே சுவருக்குள் யாரோ சுத்தியலும் கையுமாக ஓடுவது போல டக டக டக என்று நாலைந்து. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து. காலையில் ஒரு கச்சேரி, சாயங்காலம் ஒரு கச்சேரி. எங்கள் குடியிருப்பில் கீழே நாலு, மேலே நாலு என்று எட்டு வீடுகள். எட்டுக்கும் தண்ணீர் கொண்டுவருவது ஒரே செப்புக் குழாய். சத்தம் எந்த வீட்டில் கிளம்பினாலும் எல்லா வீட்டுச் சுவரிலும் கேட்கும்.

மழை பெய்கிற காலமாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டோம். பழைய கட்டடம், முனகத்தான் செய்யும், என் முழங்கால் முனகவில்லையா என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வருஷம் எங்கள் மலைப்பக்கத்து ஊருக்கு வந்த வறட்சி லேசுப்பட்டதல்ல. அணைக்கட்டின் அடித்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. லாரிகள் எங்கிருந்தோ தண்ணீர் ஏற்றிவந்து ஊருக்கு ஊற்றின. ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்பது லிட்டர், அவ்வளவுதான்.

இப்படி ஒரு காலத்தில் மனிதர்களுக்குப் புத்தி எப்படியெல்லாம் வேலை செய்யும் என்கிறீர்கள்? காரைக் கழுவினவன் துரோகி. புழுதி படிந்த கார் வைத்திருப்பவன் தியாகி. எவன் வீட்டுப் புல் பச்சையாக இருக்கிறதோ அவன் வீட்டுக்கு முன்னால் கார்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகும். குளிக்கும்போது காலடியில் வாளி வைத்து, அந்தச் சோப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதவரைத் தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார வைக்கவே யோசித்தார்கள். சின்ன விஷயத்துக்கெல்லாம் கழிப்பறையில் தண்ணீர் இழுத்துவிடக் கூடாது என்பதும் தேசபக்தியில் சேர்த்தி. அதை விருந்தாளிகளிடம் வேறு பெருமையாகச் சொல்லுவோம்.

இந்தத் தியாகிகளுக்கெல்லாம் தலையாய தியாகி எங்கள் மூன்றாம் நம்பர் நெவில் ஹாட்ரிக். உள்ளூர் ஆட்சி அலுவலகத்தில் கோப்பு அடுக்கி ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் குழுவின் தலைவர். அந்தப் பதவிக்குப் போட்டியிட்டவர் ஒருவர், முன்மொழிந்தவர் ஒருவர், இரண்டும் அவரே. நான் அவருக்கு அடுத்த வீடு, இரண்டாம் நம்பர். பெயர் நொயலீன். மதுக்கடைச் சமையலறையில் காலமெல்லாம் கத்திக் கத்தி வேலை வாங்கியவள், அதனால் எனக்கு மெதுவாகப் பேச வராது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நெவில் ஒரு சிக்கனக் குளியல் முறை கண்டுபிடித்திருந்தார். திற, நனை, மூடு. சோப்புப் போடு. திற, கழுவு, மூடு. தலைக்குத் தனி, முதுகுக்குத் தனி. இதைத் துணி உலர்த்தும் கம்பத்தடியில் போவோர் வருவோருக்கெல்லாம் கையால் அபிநயம் பிடித்துக் காட்டுவார். அவர் ஜன்னலுக்குக் கீழே நின்ற எலுமிச்சை மரம் வேறு, ஊரே காய்ந்து சருகாகக் கிடக்க, அது மட்டும் கல்யாணப் பெண் மாதிரி தளதளவென்று நின்றது. "எல்லாம் என் வாளித் தண்ணி," என்பார். நாங்களும் ஆகா என்போம்.

இந்த நிலையில்தான் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அனுமதித்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் செலவாகியிருக்கிறது, இப்படியே போனால் குழாயில் ஒரு தகடு செருகிச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவோம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் தியாகிகளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கம்பத்தடியில் கூட்டம். எங்கள் ஊரில் சாசேஜ் சுடாமல் எந்தக் கூட்டமும் நடக்காது. ஒரு ரொட்டித் துண்டில் சாசேஜையும் வதக்கின வெங்காயத்தையும் சுருட்டி ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிட்டு நெவில் தொண்டையைக் கனைத்தார்.

"நான் யாரையும் பேர் சொல்லிச் சொல்லல. ஆனா அந்தச் சத்தம் எல்லார் காதுலயும் விழுது. சத்தம் வருதுன்னா தண்ணி போகுதுன்னுதானே அர்த்தம்? அத்தன சத்தம்னா, அத்தன தண்ணி."

சொல்லிவிட்டு மேலே பார்த்தார். எல்லோரும் மேலே பார்த்தார்கள். அவர் வீட்டுக்கு நேர் மேலே ஏழாம் நம்பர். அதன் ஜன்னலில் நீல நிறச் சீருடை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமயானா அங்க நெறயப் பேரு வர்றாங்க," என்றாள் முதல் நம்பர் ஷெரிடன். பள்ளிக்கூட டீச்சர், குரலில் தேன் வடியும். "பாட்டுப் பாடுறாங்க, சாப்பிடுறாங்க. அவ்வளவு பேரும் பாத்ரூம் போகாமலா இருப்பாங்க? பாவம், நல்ல ஜனங்கதான். நான் தப்பா ஒண்ணும் சொல்லல."

நாலாம் நம்பர்க்காரர் வால், ரயில்வேயில் பெட்டி கோர்க்கும் இடத்தில் வேலை பார்த்தவர், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, அதில் சாசேஜை வைத்து மூடிக்கொண்டார்.

"ஏன்யா, அவகிட்டயே நேரா கேட்டா என்ன?" என்றேன் நான்.

நான் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்ட மாதிரி எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கேட்டா அவளுக்குச் சங்கடமா இருக்கும், நொயலீன்," என்றார் நெவில், பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "அவ மனசு நோகாம இதச் செய்யணும்."

எங்கள் ஊரின் நாகரிகமே இதுதான். யார் மீதாவது கோபம் என்றால் அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லவே மாட்டோம், அது காட்டுமிராண்டித்தனம். பார்த்த இடத்தில் சிரிப்போம். நாயின் உடல்நிலையை விசாரிப்போம். வீட்டுக்கு வந்து, வாடகை விடும் ஏஜென்ட்டுக்குப் புகார் எழுதுவோம். நெவில் அன்று சாயங்காலமே எழுதிவிட்டார்.

ஏழாம் நம்பரில் இருந்தவள் டெரேசியா. கிரிபாஸ் தீவுக்காரி. ஊர் முதியோர் இல்லத்தில் எங்கள் கிழங்கட்டைகளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துணி மாற்றிவிடும் வேலை. நெவிலின் அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள், அவளைக் குளிப்பாட்டுகிறவளும் டெரேசியாதான். வந்த புதிதில் நாலு பெண்களோடு ஒரே அறையில் கிடந்தாள். அலைந்து திரிந்து இந்த வீட்டைப் பிடித்தாள். ஈஸ்டருக்குள் புருஷனையும் மகனையும் கூட்டிக்கொள்ளப் போகிறாள். பயணச் சீட்டு கூட எடுத்தாயிற்று. பையன் பார்க்கப் பார்க்க வளர்ந்துவிட்டான், போனில் குரல் உடைந்துகொண்டு வருகிறது என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். வீடு இருந்தால்தான் அவர்கள் வர முடியும். வாடகை ஒப்பந்தம் முடிகிற நேரம் வேறு.

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே மாடி ஏறினேன்.

"உன்னப் பத்திக் கீழ கூட்டம் போட்டுட்டாங்க, தெரியுமாடி?"

"என்னப் பத்தியா? நான் என்ன பண்ணேன்?"

"குழாய்ச் சத்தம் உன்னாலதானாம். நீ தண்ணிய அள்ளி அள்ளிக் கொட்டுறியாம்."

முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டாள்.

"காலையிலகூட நெவில் என்னப் பாத்து, எப்படிம்மா இருக்கே, அழகான நாளுன்னு சொன்னாரே?"

"சொல்வாரு. தூக்குக்கயித்த மாட்டும்போதும் அதத்தான் சொல்வாரு."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். ஒரு வாளி, ஒரு பிளாஸ்டிக் குவளை. ஷவரின் கழுத்தில் கொடி கட்டிக் காலுறை காயப்போட்டிருந்தாள்.

"இத நான் தொட்டதே இல்ல, நொயலீன். எங்க தீவுல கிணத்துத் தண்ணி உப்பு. நல்ல தண்ணி வேணும்னா வானத்தப் பாத்துட்டு நிக்கணும். வாளியில மொண்டு குளிச்சே பழக்கம். இதுல எவ்வளவு போகுதுன்னே தெரியாது, பயமா இருக்கும்."

அவள் பேசி முடிக்கவில்லை. சுவருக்குள் டங். டக டக டக. காலுறைகள் ஆடின. எங்கள் இரண்டு பேர் கையும் சும்மாதான் இருந்தது, குழாய் மூடித்தான் இருந்தது.

"இது யாரு?" என்றாள் டெரேசியா.

நான் விறுவிறுவென்று இறங்கி நெவில் கதவைத் தட்டினேன். தலையைத் துவட்டிக்கொண்டே திறந்தார்.

"நான் இப்ப அவ பாத்ரூம்லதான்யா நின்னேன். அவ குழாயத் தொடவே இல்ல. சத்தம் மட்டும் இடி மாதிரி வருது."

"நீ நல்லவ, நொயலீன்," என்றார் அவர், காதுக்குள் துண்டை விட்டுக் குடைந்துகொண்டே. "நல்லவங்கள ஏமாத்துறது ரொம்பச் சுலபம்."

அடுத்த வாரக் கடைசியில் டெரேசியா தேவாலயக் கூட்டத்துக்காக பிரிஸ்பேன் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. சத்தம் வழக்கம்போலக் காலை ஒரு கச்சேரி, மாலை ஒரு கச்சேரி. எனக்கு ஒரே குஷி. மாட்டினான்டா என்று நெவிலைக் கம்பத்தடியில் மடக்கினேன்.

"அவதான் ஊர்லயே இல்லையே, இப்பச் சத்தம் போடுறது யாரு? அவ ஆவியா?"

நெவில் கொஞ்சமும் அசரவில்லை. "அது அடச்ச காத்து. அவ குழாயத் திறந்து திறந்து உள்ள காத்து புகுந்திருக்கு. அது முழுசா வெளிய வர நாளாகும்."

"ஓகோ. வயித்து வாயு மாதிரி இங்க விட்டுட்டு அவ பிரிஸ்பேன் போயிட்டாளா?"

"இப்படிக் கொச்சையா பேசாத, நொயலீன்," என்றாள் துணி எடுக்க வந்த ஷெரிடன். "அவ இல்லாதப்ப அவளப் பத்திப் பேசுறதே சரியில்ல."

கேட்டீர்களா? இதுதான் எங்கள் ஊர் நியாயம். பக்கத்தில் வால் இருந்தார். வானத்தைப் பார்த்து, "மழ வரும்போலத்தான் இருக்கு," என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

டெரேசியா திரும்பி வந்த அன்று ஏஜென்ட்டின் கடிதம் காத்திருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, மாதக் கடைசிக்குள் காலி செய்யவும். காரணம் ஒன்றும் இல்லை. காரணம் எழுதினால் மனசு நோகும் பாருங்கள். அதுவும் ஆப்பிள் பறிக்கிற பருவம். ஊரில் ஒரு வீடு வாடகைக்கு வந்தால் வாசலில் முப்பது பேர் நிற்பார்கள், வேலைக்கு வந்த பையன்கள் வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்குகிறார்கள்.

அவள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். தேநீர் ஆறிப்போயிற்று. பிறகு, "நான் என்ன தப்புப் பண்ணேன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"சொல்ல மாட்டாங்க."

"எம் பையன் பெட்டிய அடுக்கிட்டானாம். அவன்கிட்ட என்ன சொல்றது?"

அவள் எதிரில் அழக் கூடாது என்று பாத்திரம் கழுவுவதாகப் பாவனை செய்தேன், எண்பது லிட்டரில் ஒரு பங்கு அதற்கே போயிற்று.

அந்த வாரம்தான் எங்கள் நெவிலுக்குப் புகழ் தேடி வந்தது. ஊர்ப் பத்திரிகை 'வறட்சியின் வீரர்கள்' என்று ஒரு பக்கம் போடுகிறதாம். ஒரு வீரர் நெவில். பெயரைக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள், நெவில்தான். வியாழக்கிழமை பத்திரிகைக்காரப் பெண் கேமராவோடு வருவாள், சிக்கனக் குளியலை நெவில் செய்துகாட்டுவார், எல்லோரும் வர வேண்டும், தேநீரும் உண்டு என்று ஒவ்வொரு வீடாக அழைப்பு. ஏழாம் நம்பரைத் தவிர. அழைத்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமாம்.

நான் வேலை விட்டு வந்தவளைச் சீருடையோடு தள்ளிக்கொண்டு போனேன்.

"வேண்டாம் நொயலீன், எனக்குக் கால் வலிக்குது."

"வாடி. ஒரு வீரன் குளிக்கிறத நீ எப்பப் பாத்த?"

குளியலறை வாசலில் ஷெரிடன், வால், பத்திரிகைப் பெண், நாங்கள் இரண்டு பேரும் கடைசியில். நெவில் அரைக்கால் சட்டையும் பனியனும் போட்டுக்கொண்டு ஷவருக்கு அடியில் நின்றார். காலடியில் வாளி. பழைய திருகு குழாய்களை எடுத்துவிட்டு, பளபளவென்று ஒற்றைக் கைப்பிடி வைத்த புதுக் குழாய் மாட்டியிருந்தார். தூக்கினால் வரும், அழுத்தினால் நிற்கும்.

"பழைய குழாய மூட நாலு சுத்துச் சுத்தணும், அதுக்குள்ள எவ்வளவு வீணாப் போகும்!" என்று பிரசங்கத்தை ஆரம்பித்தார். "சிக்கனத்தோட ரகசியமே மூடுறதுலதான் இருக்கு. தடவிக் குடுத்துகிட்டு நிக்கக் கூடாது. கொசுவ அடிக்கிற மாதிரி ஒரே அடி. இப்பப் பாருங்க. திற, நனை..."

தண்ணீர் கொட்டியது.

"மூடு!"

பட்டென்று ஒரு அறை.

டங். டக டக டக. கண்ணாடி அலமாரி ஆடி, உள்ளே ஏதோ ஒரு புட்டி கவிழ்ந்தது. பத்திரிகைப் பெண் ஒரு எட்டுப் பின்னால் போய், "ஐயோ, அது என்ன சத்தம்?" என்றாள்.

நெவில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, வருத்தத்தோடு தலையாட்டினார். "மேல் வீட்டுப் பொண்ணு. இப்படித்தான். நான் இங்க சொட்டுச் சொட்டாச் சேக்கச் சேக்க அவ அங்க கொட்டுறா. நாங்க பெருசா எடுத்துக்கறதில்ல."

"நெவில்," என்றாள் டெரேசியா. "நான் இங்கதான் நிக்கிறேன்."

அவர் திரும்பினார். மனுஷனுக்கு முகம் வெளுத்திருக்கும், நாக்கு ஒட்டியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நெவிலை உங்களுக்குத் தெரியாது.

"அட, டெரேசியா! எப்படிம்மா இருக்கே? அழகான நாளு!"

"யோவ்," என்றேன் நான். "இன்னொரு தடவ அத மூடு."

"எதுக்கு?"

"மூடுய்யா!"

திறந்தார், அறைந்தார். டங். டக டக.

"தற்செயல்," என்றார்.

"இன்னொண்ணு."

டங். டக டக டக. இந்த முறை சோப்பு தானாகவே கீழே இறங்கியது. ஷெரிடன் தன் கைப்பையின் வாரை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் உள்ளே புகுந்து, நெவிலை ஒதுக்கிவிட்டு, குழாயைத் திறந்து, கைப்பிடியை மெல்ல மெல்ல இறக்கி மூடினேன். சத்தமே இல்லை. தண்ணீர் பூனை மாதிரி அடங்கியது.

அப்போதுதான் எங்கள் வால் திருவாய் மலர்ந்தார். "ஓடுற ரயில் பெட்டிய ஒரேயடியா நிறுத்தினா, பின்னால வர்றதெல்லாம் வந்து மோதும்ல? தண்ணியும் அப்படித்தான். ஓடும்போது அது பாட்டுக்கு ஓடும். பட்டுன்னு நிறுத்தினா வந்த வேகத்துல முட்டும், குழாய் உதறும், சுவத்துல அடிக்கும். தண்ணி போறப்ப வர்ற சத்தம் இல்ல இது. நிக்கிறப்ப வர்றது."

"ஆமா, இது உனக்கு எப்பத் தெரியும்?"

"இவரு இந்தக் குழாய் மாட்டின அன்னைக்கே. சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே என் கட்டில்."

"அன்னைக்கே தெரியுமா?" நான் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றேன். "அப்ப வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு?"

வால் தரையைப் பார்த்தார். "நெவில் மனசு நோகுமேன்னு..."

நான் கத்திய கத்தலை இங்கே எழுதினால் அச்சுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, நடுவில் இந்த மாதிரி நல்லவர்கள் நாலு பேர் நிற்பதால்தான் அது நடக்கிறது. டெரேசியா நெவில் வீட்டுத் தேநீரைத் தொடாமல் மாடி ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் பிளம்பர் வந்தார். எலுமிச்சை மரத்தடியைத் தோண்டினால் உள்ளே குட்டையே கிடந்தது. நெவிலின் சிக்கனம் குழாயை அறைந்து அறைந்து அங்கே ஒரு இணைப்பைப் பிளந்திருக்கிறது. ஆளாளுக்கு எண்பது லிட்டரில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஊர்த் தண்ணீரெல்லாம் அந்த மரத்தின் வேருக்குப் போய்க்கொண்டிருந்தது. பிளம்பர் அந்த இணைப்பை அடைத்தார், தண்ணீர் மோதும் வேகத்தைத் தாங்கும் சின்ன உருளை ஒன்றைப் பொருத்தினார், இனிமேல் மெதுவாக மூடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இருந்தாலும் மரம் நல்லா வந்திருக்கே," என்றார் நெவில்.

பத்திரிகையில் படமும் வந்தது. நெவில் கையில் எலுமிச்சம்பழத்தோடு சிரிக்கிறார், கீழே சிக்கனத்தைப் பற்றி நாலு பத்தி. சத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பெண்ணும் நல்ல பெண்தான் போலிருக்கிறது, யார் மனசையும் நோகடிக்க விரும்பவில்லை.

நான் அந்தப் பத்திரிகையையே சுருட்டிக்கொண்டு போய் நெவில் வீட்டில் நின்றேன். "ஏஜென்ட்டுக்கு இப்பவே போன் போடு. என் கண்ணு முன்னாடி."

போட்டார். உள்ளறைக்குப் போய்ப் பேசிவிட்டு மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"சொல்லிட்டேன் நொயலீன். இப்ப ஒரு பிரச்சினையும் இல்ல, அந்தப் பொண்ணு திருந்திட்டான்னு சொல்லிட்டேன்."

"திருந்திட்டாளா?"

"பெருந்தன்மையா நடந்துக்கணும்ல?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் பெருந்தன்மையும் பிரயோஜனப்படவில்லை. வீட்டுக்காரர் வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்து, சாவி வரைக்கும் பேசிவிட்டாராம். ஏழாம் நம்பர் போயிற்று.

காலி செய்யும் சனிக்கிழமை வந்தது. ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் ஆட்கள் மாதிரி உதவிக்கு வருகிற ஜனங்களை நீங்கள் எங்கும் பார்க்க முடியாது. ஒருவரை இருக்க விடுவதற்கு ஆள் கிடைக்காது, ஏற்றி அனுப்புவதற்கு ஊரே வரும். நெவில் தன் டிரெய்லரை வண்டியில் மாட்டிக்கொண்டு காலையிலேயே தயார். வால் கயிறு கொண்டுவந்தார். ஷெரிடன் தேங்காய்த் துருவல் புரட்டிய கேக் ஒரு தட்டு. குளிர்சாதனப் பெட்டியை நெவிலே முதுகில் தாங்கிப் படி இறக்கினார், அந்த வயதில். அவர் மூச்சு வாங்கியதைப் பார்த்து எனக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது. ஒரே ஒரு நொடி.

கடைசியாகக் கட்டிலும் மெத்தையும் ஏறின. நெவில் கயிற்றை இழுத்துக் கட்டி, தட்டிப் பார்த்துவிட்டு, நெற்றியைத் துடைத்தார்.

"மனசுல எதையும் வச்சுக்காதம்மா. எங்களுக்கும் ஒண்ணும் இல்ல."

டெரேசியா அவரை நன்றாகப் பார்த்தாள். "நெவில், ஒரு நாளாவது மாடி ஏறி வந்து எங்கிட்டக் கத்தியிருக்கலாம் நீங்க. நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ரெண்டு பேரும் கத்தியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். வீடு போயிருக்காது. நீங்க என்னப் பாத்துச் சிரிச்சுட்டே இருந்தீங்க."

"நாங்க யார்கிட்டயும் கத்துற ஆளுங்க இல்லம்மா," என்றார் நெவில், கொஞ்சம் தடுமாறி. உடனே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "சரி, எங்க கொண்டுபோய் இறக்கணும்? வண்டி வீடுங்க நிக்கிற கேரவன் பார்க்குக்கா?"

"ரெண்டாம் நம்பர்," என்றேன் நான்.

"எந்தத் தெரு?"

"இந்தத் தெரு. என் வீடு. பெரிய ரூம்ல போடு, நேத்தே காலி பண்ணிட்டேன்."

நெவில் டிரெய்லரைப் பார்த்தார். என் வாசலைப் பார்த்தார். நடுவில் ஒரு பூச்செடி, ஒரு குப்பைத்தொட்டி, அவ்வளவுதான். அத்தனை கயிறும் அத்தனை முடிச்சும் இந்தத் தூரத்துக்குத்தானா என்று மனுஷன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. வால் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக்கினார்.

"நிஜமாவா?" என்றாள் ஷெரிடன். "எத்தன பேரு?"

"நான், எம் புருஷன், எம் பையன்," என்றாள் டெரேசியா. "ஈஸ்டருக்கு வர்றாங்க."

"அட, நல்லதாப் போச்சு," என்றார் நெவில். வாய் மட்டும் சிரித்தது. "ரொம்ப நல்லது. இனிமே நாம பக்கத்துப் பக்கத்து வீடு."

"ஆமா. அதனால இப்பவே பேசிடலாம்." அவள் டிரெய்லருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "எங்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, நெவில்."

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் இப்படி ஒரு வார்த்தையைச் சபையில் கேட்டதில்லை. ஷெரிடன் கேக் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நெவிலின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு மெல்லக் காதுவரை ஏறியது. என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? வாலைப் பார்த்தார். வால் இந்தத் தடவை வானத்தைப் பார்க்கவில்லை.

"கேளுய்யா," என்றார் வால்.

நெவில் டிரெய்லரின் சக்கரத்தைப் பார்த்து ஏதோ முனகினார்.

"கேக்கல," என்றாள் டெரேசியா.

இரண்டாம் தடவை கேட்டது. அவள் தலையசைத்துவிட்டு மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை நெவில் பிடித்துக்கொண்டார்.